டிஸ்க்கில் பொறித்த எண்

காரின் முன்சக்கரத்தைக் கழற்றி, பிரேக் டிஸ்க்கின் துருவையும் அழுக்கையும் துடைச்சுப் பாருங்க. பெரும்பாலும் விளிம்பிலோ நடுவில் இருக்கும் தொப்பிப் பகுதியிலோ ஓர் எண் தெரியும். ‘மினிமம் திக்னஸ்’ இத்தனை மி.மீ. என்று சுருக்கமாகப் பொறித்திருப்பார்கள். டிஸ்க் அதற்குக் கீழே தேய்ந்தால் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான். ஒரகடத்தில் வீட்டு வாசலில் வைத்தே என் பழைய காருக்கு டிஸ்க் மாற்றியதிலிருந்து, இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கதையைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

டிஸ்க் பிரேக் புதுசு இல்லை. இங்கிலாந்தின் பர்மிங்காமில் கார் செய்த ஃபிரெடரிக் லான்செஸ்டர் 1902லேயே காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் அவர் பயன்படுத்திய செம்பு, புழுதிச் சாலையில் சீக்கிரம் தேய்ந்தது, சத்தமும் தாங்கவில்லை. அரை நூற்றாண்டு கழித்து, 1953 லெ மான்ஸ் பந்தயத்தில் டன்லப் டிஸ்க் பிரேக் பூட்டிய ஜாகுவார் ஜெயித்த பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது.

அப்போது நம்ம ஊரில் டிரம் காலம். அம்பாசிடர், பிரீமியர் பத்மினி எல்லாம் நெடுங்காலம் நாலு சக்கரத்திலும் டிரம்மோடுதான் ஓடின. 1962ல் பாடியில் பிரேக்ஸ் இந்தியா, 1964ல் ரானே பிரேக் லைனிங் என்று சென்னை பிரேக் தொழிலுக்குப் பேர்போன ஊரானது. கூடவே ஒரு பட்டறைப் பழக்கமும் வளர்ந்தது. லைனிங் தேய்ந்தால் புதுசு வைத்து ரிவெட் அடிப்பார்கள். டிரம்மில் கோடு விழுந்தால் லேத்தில் கொடுத்துக் கடைவார்கள். டிரம்முக்கும் கடைசல் எல்லை உண்டு. ஆனாலும் ‘இன்னொரு கடைசல் தாங்கும் சார்’ என்பது சகஜமான பேச்சு.

1998ல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ வந்தது. 2010ல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் ஆலை திறந்தது. ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்திலிருந்து வெளிவந்த சிறிய கார்களில் முன்னால் டிஸ்க், பின்னால் டிரம் என்பது வழக்கமானது. பட்டறைப் பழக்கம் மட்டும் அவ்வளவு வேகமாக மாறவில்லை. சிக்கல் அங்கேதான்.

சிறிய காரின் டிஸ்க்கில் புதிய தடிமனுக்கும் கடைசி எல்லைக்கும் நடுவே பெரும்பாலும் 2 மி.மீ. அளவுதான் இருக்கும். அதில் ஒரு கடைசல் போட்டால் மிச்சம் என்ன? மெலிந்த டிஸ்க் சூட்டைத் தாங்காது. விரிசல் விடலாம், பெடல் அதிரலாம். காலிப்பர் பிஸ்டனும் அளவுக்கு மீறி வெளியே வர வேண்டியிருக்கும். டிஸ்க் தேய்வதற்கென்றே வார்த்த இரும்பு. அதைப் பிழைக்க வைப்பது சிக்கனம் இல்லை.

அளப்பதிலும் ஒரு சூட்சுமம் உண்டு. வெர்னியரை நேராக வைத்தால் பேட் உரசாத ஓரத்து மேட்டைத்தான் அளக்கும். இரண்டு பக்கமும் ஒரே மாதிரி காசு ஒவ்வொன்று வைத்து அளந்து, காசுகளின் தடிமனைக் கழிச்சுக்குங்க. ஒரே இடத்தில் பார்க்காமல் சுற்றிலும் நாலைந்து இடத்தில் அளக்கணும்.

மாற்றுவது வீட்டிலும் முடிகிற வேலைதான். பல கார்களில் டிஸ்க் ஹப்பின் மேல் தொப்பி மாதிரி சும்மா உட்கார்ந்திருக்கும்; ஒன்றிரண்டு சின்ன திருகுதான் பிடித்திருக்கும். ஆனால் ஜாக்கியை மட்டும் நம்பி வேலை செய்யாதீங்க, ஸ்டாண்டு அவசியம். காலிப்பரைக் கம்பியில் கட்டித் தொங்க விடணும். ஹோஸில் தொங்கக் கூடாது. ஹப்பில் துரு இருந்தால் புது டிஸ்க் கோணலாக உட்காரும், அதனால் சுத்தமாகத் தேய்த்து எடுங்க. இடது, வலது இரண்டு டிஸ்க்கையும் பேடோடு சேர்த்து மாற்றணும். பழைய பிரேக் தூசியை வாயால் ஊத வேண்டாம். லைனிங்கில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காலமும் இருந்தது.

வண்டியை எடுக்கும் முன் பெடல் கெட்டியாகும் வரை மிதியுங்க. முதல் மிதிக்குப் பெடல் அடிவரை போகும். அதை வாசலிலேயே தெரிந்துகொள்வது நல்லது, ஒரகடம் மேம்பாலத்து இறக்கத்தில் அல்ல.