ஓரணாச் சிற்றுண்டியும் வண்ணாரப்பேட்டைத் தறிக்காரரும்

2021 பிப்ரவரியில் சென்னை மெட்ரோ, வண்ணாரப்பேட்டையைக் கடந்து விம்கோ நகர் வரை நீண்டபோது, புதிய நிலையங்களுள் ஒன்று தியாகராயா கல்லூரியின் பெயரைப் பெற்றது. தெற்கே தி.நகர் என்று ஓரெழுத்தாகச் சுருங்கிப்போன பெயர், வடக்கே இன்னும் முழுமையாக ஒலிப்பதில் நமக்கு ஒரு மகிழ்ச்சி. தி.நகர்க் கடைகளில் துணி எடுப்போருள் எத்தனை பேர், அப்பெயருக்குரியவர் துணி நெய்வித்த மனிதர் என்பதை அறிவர்?

வண்ணாரப்பேட்டை துணியால் எழுந்த ஊர். கிழக்கிந்தியக் கம்பெனி கப்பலேற்றிய துணிகளை வெளுத்துக் கொடுத்தோர் குடியிருந்தமையால் வந்த பெயர் அது. வடக்கே திருவொற்றியூர்ப் பக்கத்தில் நெசவாளருக்கென ஆளுநர் காலெட் அமைத்த பேட்டை, மக்கள் வாயில் காலடிப்பேட்டை ஆயிற்று. இந்தத் துணி உலகத்திலிருந்து வந்தவர் 1852இல் பிறந்த பிட்டி தியாகராயர். நெசவுத் தொழிற் குடும்பத்தார். மாநிலக் கல்லூரியில் பட்டம் பெற்றவர். வண்ணாரப்பேட்டையில் ஏறத்தாழ நூறு தறிகளோடு நெசவுச் சாலை நடத்தினார். கயிற்றை இழுத்தால் நாடா தானே ஓடும் தறியைப் பரப்புவதில் முனைந்து நின்றார். தறியடியில் வளர்ந்த பிள்ளைகளின் வாழ்க்கையை ஏட்டில் படித்தறிய வேண்டிய நிலை அவருக்கு இல்லை.

1920இல் அவர் சென்னை மாநகராட்சியின் தலைவர். (அவரை மேயர் என எழுதுவோர் உளர், மேயர் பதவி 1933இல்தான் வந்தது.) ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளி மாணவர்க்குச் சிற்றுண்டி வழங்கலாம், ஒரு மாணவனுக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மேற்படாமல் செலவிடலாம் என்று மன்றம் அவ்வாண்டில் முடிவு செய்தது. அங்குப் படிக்கும் பிள்ளைகள் ஏழைகள், அதனாலேயே பள்ளியின் மாணவர் எண்ணிக்கை பெரிதும் குறைகிறது என்பது தியாகராயர் சொன்ன காரணம். இரக்கத்தை முன்வைத்து அவர் பேசவில்லை என்பதை நாம் கவனிக்க வேண்டும். எண்ணிக்கை குறைகிறது, ஆகவே சோறு போடுவோம் என்கிறார். தொழில் நடத்தியவரின் கணக்கு அது.

அக்கணக்கின் நுட்பம் அன்றைய சட்டத்தைப் பார்த்தால் விளங்கும். 1911ஆம் ஆண்டின் தொழிற்சாலைச் சட்டப்படி ஒன்பது வயது நிரம்பிய சிறுவன் நெசவாலையில் நாளொன்றுக்கு ஆறு மணி நேரம் வேலை செய்யலாம். பன்னிரண்டு வயதுக்குக் குறைந்தோரை ஆலையில் சேர்க்கலாகாது என்ற விதி 1922இல்தான் வந்தது. ஆகப் பள்ளிக்கூடம் ஆலைவாயிலோடு போட்டியிட வேண்டியிருந்தது. ஆலை கூலி தரும். பள்ளி என்ன தரும்? அவ்வினாவுக்கு மாநகராட்சி தந்த விடை ஓரணா.

திட்டம் மேலும் நான்கு பள்ளிகளுக்கு விரிந்தது. பிள்ளைகளின் எண்ணிக்கையும் கூடியது. ஆயினும் 1925இல் நின்றது. தொடக்கக் கல்வி நிதியிலிருந்து உணவுக்குச் செலவிட அரசு இடந்தரவில்லை. பலகையும் சுண்ணக்கட்டியும் கல்விச் செலவு, சோறு கல்விச் செலவன்று! ஒரு கணக்குத் தலைப்பில் முட்டிக்கொண்டு முதல் முயற்சி நின்றது. தியாகராயரும் அதே ஆண்டில் மறைந்தார்.

அவரைக் குறையற்றவராகக் காட்டுவது நம் நோக்கமன்று. 1921இல் பெரம்பூர் பி அண்டு சி ஆலை வேலைநிறுத்தமும் புளியந்தோப்புக் கலவரமும் நிகழ்ந்த வேளையில், நீதிக்கட்சியின் முன்னணியினர் ஆதிதிராவிடர்க்கு எதிரான நிலை எடுத்தனர். எம்.சி. ராஜா பின்னர்க் கட்சியை விட்டே விலகினார். பசித்த பிள்ளைக்குச் சோறிட்ட கட்சியின் வரலாற்றில் இப்பக்கமும் உண்டு. கிழித்துவிட்டுப் படிக்க இயலாது.

பின்னர் நடந்தவை பலரும் அறிந்தவை: 1956இல் காமராசர் காலத்து மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆரின் சத்துணவு, 2022இல் 1,545 அரசுத் தொடக்கப் பள்ளிகளில் தொடங்கிய காலை உணவு. உணவு கல்விச் செலவா என்ற பழைய வழக்கில் ஒருவாறு தீர்ப்பாகிவிட்டது எனலாம். ஆனால் அத்தீர்ப்புக்கு ஓர் எல்லை உண்டு. காலை உணவு ஐந்தாம் வகுப்போடும், சத்துணவு பத்தாம் வகுப்போடும் முடிகின்றன.

கல்லூரியில் முதல் பாடவேளை எடுப்போர் நாம். விடியலில் மீன் ஏலத்துக்கோ செய்தித்தாள் போடவோ போய்விட்டு நேரே வகுப்புக்கு வரும் பிள்ளைகளைக் கண்டிருக்கிறோம். சங்கப் பாடலுக்குப் பொருள் சொல்லிக்கொண்டிருக்கையில் கடைசி வரிசையில் ஒரு தலை மேசைமேல் சாயும். சோம்பல் என்று கடிந்த காலமும் நமக்குண்டு. இப்போது துறையறை மேசையில் பிஸ்கட் பொட்டலம் ஒன்று எப்போதும் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்கும் கூச்சம் நீங்க ஒரு பிள்ளைக்கு ஒரு பருவமாவது ஆகிறது.