தீ கீழே, சாவு மேலே: அலாரம் பெட்டிக்கு வேலை சொல்லிக் கொடுத்த வரலாறு

1/ தீ விபத்து என்றதும் நமக்கு நினைவுக்கு வருவது தீக்காயம். ஆனா பெரிய கட்டடங்களில் எரியுற தீயில் பலரைக் கொல்வது நெருப்பு இல்லைங்க, புகை. அதில் இருக்கும் கார்பன் மோனாக்சைடு, ஆக்சிஜனை விட 200 மடங்குக்கும் மேல் இறுக்கமாக ஹீமோகுளோபினைப் பிடித்துக்கொள்ளும். தூங்குபவர் விழிக்காமலேயே போய்விடலாம். அதனால் அலாரம் வெறுமனே மணி அடித்தால் போதாது. ஏன்னு வரலாற்றோடு பார்ப்போம்.

2/ 1852, அமெரிக்காவின் பாஸ்டன் நகரம். வில்லியம் சேனிங் என்ற மருத்துவம் படித்தவரும் மோசஸ் ஃபார்மர் என்ற பொறியாளரும் சேர்ந்து தந்தி முறையில் தீ அலாரம் அமைத்தார்கள். தெருப் பெட்டியில் கைப்பிடியைச் சுற்றினால் அந்தப் பெட்டியின் எண் தந்தியாக மைய அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து ஊர் மணிகளை அடிப்பார்கள்.

3/ கவனிங்க. கம்பி செய்தியைத்தான் கொண்டுபோனது. என்ன செய்வது என்ற முடிவை எடுத்தது ஒரு மனிதர். அவர் விழித்திருக்கணும், பதறாம இருக்கணும்.

4/ அடுத்து புகையை உணரும் கருவி. 1930களில் சுவிட்சர்லாந்து இயற்பியலாளர் வால்டர் யேகர் விஷவாயுவைக் கண்டுபிடிக்க ஒரு கருவி செய்து பார்த்தார். விஷவாயுவுக்கு அது அசையவே இல்லை. சலிப்பில் சிகரெட் பற்றவைத்தார், முள் அசைந்தது! சக ஆய்வாளர் எர்ன்ஸ்ட் மைலி அந்த வழியைத் தொடர்ந்து புகை உணர்வியை உருவாக்கினார்.

5/ ஆக, கட்டடத்துக்கு மூக்கு வந்துவிட்டது. கை கால் வரலை. மூக்கு மணியை மட்டும்தான் அடிக்கும். லிஃப்ட், ஏசி எல்லாம் தீ பற்றிய சேதி தெரியாமல் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கும். இதுக்குக் கொடுத்த விலை பெருசு.

6/ 1970 ஆகஸ்ட், நியூயார்க் பிளாசா என்ற ஐம்பது மாடி அலுவலகக் கட்டடம். லிஃப்ட் நேராகத் தீ எரிந்த தளத்திலேயே போய் நின்றது. இரண்டு பேர் இறந்தார்கள். 1973ல் நியூயார்க் நகரம் உயரமான அலுவலகங்களுக்குப் புதிய தீப் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்தது.

7/ 1980 நவம்பர் 21, லாஸ் வேகஸில் எம்ஜிஎம் கிராண்ட் ஹோட்டல். காலை ஏழு மணி வாக்கில் கீழ்த்தள உணவகத்தில் மின்கசிவு. தீ கீழேயே நின்றுவிட்டது. ஆனா இறந்த 85 பேரில் பெரும்பாலானோர் தீயே எட்டாத மேல் மாடிகளில் இருந்தவர்கள். லிஃப்ட் குழி, படிக்கட்டு, ஏசி வழியாகப் புகை ஏறியது. பலருக்கு மணிச் சத்தம் சேதி சொல்லலை. புகை வாசனையும் கூச்சலும்தான் சொன்னது.

8/ இந்த இடத்தில் ஒரு மருத்துவ உதாரணம். சூடான தோசைக்கல்லில் கை பட்டால், 'சுடுதே'ன்னு மூளை உணரும் முன்பே கை பின்னால வந்துடும். தண்டுவடமே முடிவெடுத்துவிடுகிறது. இதை அனிச்சைச் செயல் என்போம். கட்டடத்துக்கும் அப்படி ஒண்ணு தேவைப்பட்டது.

9/ மைக்ரோபிராசஸர் வந்ததும் அது கைகூடியது. ஒவ்வொரு உணர்விக்கும் தனி முகவரி. 'மூணாவது மாடியில் எங்கேயோ' என்ற நிலை மாறி, '312ம் அறை' என்று பேனல் காட்டும். கூடவே ஒரு அட்டவணை எழுதி பேனலுக்குள் ஏற்றுவார்கள். இடப்பக்கம் 'என்ன நடந்தால்', மேல்பக்கம் 'என்ன செய்யணும்'. குறுக்கே டிக்.

10/ ஆஸ்பத்திரி வார்டுக்கு இப்படி எழுதலாம்: ஒரு உணர்வி மட்டும் புகை காட்டினால் நர்ஸ் மேஜையில் எச்சரிக்கை. அதே பகுதியில் இரண்டாவதும் காட்டினாலோ யாராவது கைப்பெட்டியை அழுத்தினாலோ முழு அலாரம். அந்தப் பகுதிக் காற்றோட்ட இயந்திரம் நிற்கும், குழாயில் இருக்கும் தடுப்புத் தகடு மூடும், காந்தத்தில் நிற்கும் தீத்தடுப்புக் கதவு தானாகச் சாத்தும், லிஃப்ட் தரைத்தளத்துக்கு வந்து திறந்து நிற்கும், மின்பூட்டுகள் விடுபடும்.

11/ பல பிளாக் உள்ள இடத்தில் பேனல்களையும் ஒன்றோடொன்று இணைப்பார்கள். 'ஏ' பிளாக் அடித்தளத்தில் நடப்பதற்கு 'பி' பிளாக் ஐந்தாம் மாடி பேனல் பதில் சொல்லும். கம்பியை வளையமாகப் போட்டால் ஓரிடத்தில் அறுந்தாலும் சேதி மறுபக்கமாகப் போகும்.

12/ இது ஏன் முக்கியம்? 2011 டிசம்பர் 9 அதிகாலை, கொல்கத்தா ஆம்ரி மருத்துவமனை. தீ அடித்தளத்தில். புகை ஏசி குழாய் வழியாக மேலே ஏறி நோயாளிகளைக் கொன்றது. சுமார் 90 உயிர்கள். பல பேரை மீட்ட கேரள நர்ஸ்கள் இருவரும் அதில் போய்விட்டார்கள். லாஸ் வேகஸ் நடந்து 31 வருஷம் கழித்து, அதே தீ கீழே, அதே சாவு மேலே.

13/ ஹோட்டல்வாசி ஓடலாம். வென்டிலேட்டரில் இருப்பவர் ஓட முடியாது. அவரைக் கட்டிலோடு அதே மாடியின் அடுத்த பகுதிக்குத் தள்ளிப்போவதுதான் முதல் வழி. அந்தப் பகுதியில் புகை இல்லாமல் இருந்தால்தான் அதுவும் நடக்கும். கதவு சாத்தினதா, காற்று நின்னுச்சா என்பதுதான் கேள்வி.

14/ சரி, பேனல் வாங்கி மாட்டினால் போதுமா? இல்லைங்க. ஐசியூ மானிட்டர் சும்மா சும்மா கத்தினால் சத்தத்தைக் குறைப்போம் இல்லையா, அதேதான் இங்கேயும். பொய் அலாரம் அதிகமானால் யாரோ அந்தப் பகுதியையே அணைத்து வைத்துவிடுவார்கள். 10ல் சொன்ன 'இரண்டு உணர்வி' விதி அதற்குத்தான் நல்ல மருந்து.

15/ இன்னொரு ஆபத்து, பழைய அட்டவணை. வார்டை இரண்டாகத் தடுத்திருப்பாங்க, ஸ்டோர் ரூம் ஸ்கேன் அறையாகியிருக்கும். பேனலுக்குள் இருப்பது பழைய கட்டடம். அது பழைய கதவைச் சாத்தும், புது அறையின் ஏசியை ஓட விடும்.

16/ அதனால் மருத்துவமனையிலோ அபார்ட்மென்டிலோ ஃபயர் டிரில் நடந்தால் மூணு கேள்வி கேளுங்க. அலாரம் அடிச்சப்போ ஏசி நின்னுச்சா? லிஃப்ட் கீழே வந்துச்சா? அந்த அட்டவணையைக் கடைசியாக யார், எப்போ திருத்தினாங்க? மணி அடிச்சுது, எல்லாரும் மைதானத்துக்கு வந்தோம் என்பது பாதி டிரில்தான். மீதிப் பாதியில் எழுந்து வர முடியாதவங்க படுத்திருக்காங்க.