மரக்காலில் நின்ற தொலைநோக்கி

போன மார்கழியில் பேரன் ஒரு தொலைநோக்கி வாங்கி வந்தான. மொட்டை மாடியில் வைத்து வியாழனைப் பிடித்தோம். ஆனால் குழலில் விரல் பட்டாலே கிரகம் கூத்தாடியது. அலுமினிய முக்காலிதான் காரணம். நூறு மடங்கு பெருக்கிக் காட்டும் கருவி, காலின் நடுக்கத்தையும் நூறு மடங்காகத்தானே காட்டும்? எஃகு முக்காலியின் விலை என் ஓய்வூதியத்தில் பாதி. "மரத்தில் கால் செய்வோம்" என்றேன். "மரமா தாத்தா? அது அந்தக் காலத்து வேலை" என்று சிரித்தான்.

அந்தச் சிரிப்புக்குப் பதில்தான் இது.

புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்த என் வயதுக்காரர்களுக்கு லெயோன் ஃபூக்கோவை நினைவிருக்கும். 1851-இல் பாரிஸ் பாந்தெயோனில் 67 மீட்டர் கம்பியில் 28 கிலோ குண்டைத் தொங்கவிட்டு, பூமி சுழல்வதை ஊருக்கே காட்டியவர். எங்கள் பாடம் அத்தோடு முடிந்தது. அவர் செய்த தொலைநோக்கிகளைப் பற்றி நான் படித்ததெல்லாம் ஓய்வு பெற்ற பிறகுதான்.

அதுவரை பெரிய தொலைநோக்கிகளின் ஆடியைச் செம்பும் வெள்ளீயமும் கலந்து வார்த்தார்கள். கனம் அதிகம், மங்கினால் மறுபடி தேய்த்து மெருகேற்ற வேண்டும், தேய்த்தால் வளைவு கெடும். 1857-இல் ஃபூக்கோ கண்ணாடியின்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு ஏற்றினார். மங்கினால் பூச்சை மட்டும் கரைத்துவிட்டுப் புதிதாகப் பூசலாம். 1862-இல் 80 சென்டிமீட்டர் ஆடியோடு பெரிய தொலைநோக்கி ஒன்று தயாரானது. அதைத் தாங்கிய சட்டம் மரம்! பிரெஞ்சில் தாங்கிக்கும் பாதத்துக்கும் 'பியே' என்ற ஒரே சொல்தான்.

பாரிஸ் வானம் மேகம் மூடியது. ஆகவே 1864-இல் அதைத் தெற்கே மார்செய் நகருக்குக் கொண்டுபோனார்கள். ஃபூக்கோ 1868-இல், 48 வயதிலேயே காலமானார். ஒன்பது ஆண்டுகள் கழித்து, 1877-இல், எதுவார் ஸ்தெஃபான் அந்தத் தொலைநோக்கியில் ஐந்து மங்கலான புள்ளிகளை ஒரே கூட்டமாகக் கண்டார். 2022 ஜூலையில் ஜேம்ஸ் வெப் விண்வெளித் தொலைநோக்கியின் முதல் படங்களில் ஒன்றாக உலகமே பார்த்தது அதே 'ஸ்தெஃபான் ஐவர்' கூட்டத்தைத்தான். முதலில் அதைக் கண்டது மரக்காலில் நின்ற கண்.

மரத்தின் குணம் நமக்குத் தெரியாததல்ல. பித்தளைக் குடத்தைத் தட்டினால் ஓசை நீளும். மர உரலைத் தட்டினால் அங்கேயே அடங்கும். அதிர்வும் அப்படித்தான்.

இடித்துவிட்ட எங்கள் பழைய வீட்டின் தேக்கு நிலைச் சட்டங்களைப் பல வருடமாகப் பரணில் வைத்திருந்தேன். விற்கவும் மனமில்லை, விறகாக்கவும் மனமில்லை. ஆசாரி அவற்றை நீளவாக்கில் அறுத்து மூன்று கால் செய்தார். முக்காலியின் தலைப்பகுதியும் திருகுகளும் பழையவையே. நடுவில் மூன்று கால்களையும் பிணைக்க ஒரு முக்கோணப் பலகை. கடற்காற்றுக்கு இரண்டு பூச்சு வார்னிஷ். கூலியோடு எஃகு முக்காலியின் விலையில் கால் பங்குகூட ஆகவில்லை.

அன்றிரவு பேரன் குழலைத் தட்டிப் பார்த்தான். வியாழன் ஒரு முறை அசைந்து, நின்றது. பக்கத்தில் நான்கு நிலாக்கள், கோலப் புள்ளி போல வரிசையாக. பேரன் சிரிக்கவில்லை. "தாத்தா, இது எந்த வாசலின் நிலை?" என்று கேட்டான்.

என் அப்பா தினமும் குனிந்து நுழைந்த வாசல் என்றேன்.