கடவுளுக்குத் தாய் இருக்க முடியுமா? வகுப்பறையில் எழுந்த 1600 வருடக் கேள்வி



போன வாரம் அநுராதபுரம் பற்றிய பாடம். நடுவில் ஒரு பிள்ளை, "கடவுளுக்கு எப்படி அம்மா இருக்கும்?" என்று பக்கத்தில் இருந்தவளிடம் கேட்டுச் சிரித்துவிட்டாள். கேட்கப்பட்டவள் கத்தோலிக்கப் பிள்ளை. தோட்டத்து மாதா கெபியில் மெழுகுதிரி ஏற்றுபவள். அவள் முகம் வாடிப்போனது. சிரித்தது நம் சமூகத்துப் பிள்ளை. அதனால்தான் எழுதுகிறேன்.

கேள்வி தப்பில்லை. சிரிப்புத்தான் தப்பு. கிறிஸ்தவர்களே இதைக் கேட்டு மோதியிருக்கிறார்கள். கொன்ஸ்தாந்திநோப்பிள் பேராயர் நெஸ்தோரியுஸ், மரியாளைக் "கடவுளின் தாய்" என்பதைவிடக் "கிறிஸ்துவின் தாய்" என்பதே சரி என்றார். அலெக்சாந்திரியாவின் சிரில் மறுத்தார். ஒரு தாய் பிள்ளையின் உடம்பைத்தான் சுமக்கிறாள், உயிரைத் தருபவன் இறைவன். ஆனாலும் அவளை உடம்புக்கு மட்டும் தாய் என்று யாரும் சொல்வதில்லையே என்பது அவர் வாதம். மனிதராகப் பிறந்தவர் கடவுளே என்று நம்பினால், பெற்றவள் கடவுளின் தாய்தான். கடவுள்தன்மை மரியாளிடமிருந்து தொடங்கியது என்பது இதன் பொருளல்ல. 431இல், இன்றைய துருக்கியிலுள்ள எபேசுவில் கூடிய திருச்சங்கம் சிரிலின் பக்கம் நின்றது. நெஸ்தோரியுஸ் பதவியிழந்தார்.

பாரசீகத்துக் கிழக்குத் திருச்சபை அந்த முடிவை ஏற்கவில்லை. "கிறிஸ்துவின் தாய்" என்றே சொல்லி வந்தது. அந்தச் சபையினர் கடல் வழியே நம் தீவுக்கும் வந்தார்கள். 6ஆம் நூற்றாண்டில் கொஸ்மஸ் என்ற கிரேக்க எழுத்தாளர், இலங்கையில் பாரசீகக் கிறிஸ்தவர்களுக்கு ஒரு கோயிலும், பாரசீகத்திலிருந்து நியமிக்கப்பட்ட குருவும் இருந்ததாக எழுதினார். 1912இல் அநுராதபுர அகழ்வில் கல்லில் செதுக்கிய சிலுவை ஒன்று கிடைத்தது. அது அவர்களுடையது என்பதே ஆய்வாளர் பலரின் கருத்து. எபேசுவில் வெடித்த வாதத்தின் ஒரு சுவடு நம் பாடப்புத்தக நகரத்திலேயே கிடக்கிறது!

சரி, நாம் என்ன நம்புகிறோம்? ஈஸா (அலை) அல்லாஹ்வின் தூதர். இறைவன் மனிதனாகப் பிறப்பதில்லை. இதில் நமக்குக் குழப்பமில்லை. ஆனால் அல்குர்ஆனில் பெயர் சொல்லிக் குறிப்பிடப்படும் ஒரே பெண் மர்யம் (அலை). 19ஆம் அத்தியாயம் அவர் பெயரில் இருக்கிறது. பேரீச்சை மரத்தடியில் துணையின்றிப் பிரசவ வலியில் துடித்த தாயை அது காட்டுகிறது. கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பிள்ளைக் காம்பராவுக்கு ஓடும் நம் தாய்மாருக்கு அந்த வலியை விளக்க வேண்டியதில்லை.

மக்காவின் கொடுமை தாங்காமல் ஸஹாபாக்கள் அபிசீனியாவில் தஞ்சம் புகுந்தபோது, ஜஃபர் (ரழி) நஜ்ஜாஷி மன்னர் முன் ஓதியது இந்த அத்தியாயத்தைத்தான். மன்னர் அழுதார் என்கின்றன ஸீறா நூல்கள். அவருடைய திருச்சபை மரியாளைக் கடவுளின் தாய் என்று அழைக்கும் திருச்சபை. கொள்கை வேறாகத்தான் இருந்தது. ஆனாலும் மன்னர் நம்மவர்களைப் பிடித்துக் கொடுக்கவில்லை.

2019 ஏப்ரல் 21க்குப் பிறகு, பக்கத்து வீட்டாரின் முகத்தைப் பார்க்கக் கூசி நின்றோமே, நினைவிருக்கிறதா? அந்தக் கூச்சம் வகுப்பறையில் ஒரு சிரிப்பாகத் திரும்பி வரக்கூடாது.

மறுநாள் இவ்வளவையும் வகுப்பில் சொன்னேன். சிரித்த பிள்ளை இடைவேளையில் எழும்பிப் போய் மற்றவளின் பக்கத்தில் உட்கார்ந்தாள். என்ன பேசினார்கள் என்று நான் கேட்கவில்லை.

பெற்றோரே, நம் ஈமானைப் பிள்ளைக்கு உறுதியாகச் சொல்லிக் கொடுங்கள். அடுத்தவர் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.