தவறு நேர்ந்த வரி: பெர்ல் வலைச் சோதனைகளில் துணைச் செயற்கூறுகள் வளர்ந்த வரலாறு

பெர்ல் என்னும் நிரல்மொழியை லாரி வால் 1987 டிசம்பர் 18 அன்று வெளியிட்டபோது, மொழியின் மூல நிரலோடு ‘டி’ என்ற ஓரெழுத்துப் பெயர் கொண்ட கோப்புறை ஒன்றும் சேர்ந்து வந்தது. மொழி சரியாக இயங்குகிறதா என்று பார்க்கும் சிறு சிறு சோதனை நிரல்கள் அதனுள் இருந்தன. ஒவ்வொரு நிரலும் முதலில் ‘1..2’ என்பது போன்ற ஒரு வரியை அச்சிட்டுத் தான் எத்தனை சோதனைகளை நடத்தப் போகிறது என்று அறிவித்தது; அதன்பின் ஒவ்வொரு சோதனையின் முடிவையும் ‘ஓகே 1’, ‘நாட் ஓகே 2’ என்று வரிசை எண்ணோடு வெளியிட்டது. எண்ணிக்கையை முன்கூட்டியே சொல்லிவிடுவதால், நிரல் பாதியிலேயே முறிந்து நின்றாலும், வராமற்போன சோதனைகள் எத்தனை என்பது வெளிப்பட்டுவிடும். அந்த வரிகளைப் படித்துக் கணக்கிடும் பொறுப்பு ‘டெஸ்ட்’ என்ற தனி நிரலுக்கு உரியதாக இருந்தது. டெஸ்ட் எனிதிங் புரோட்டகால், சுருக்கமாக டேப், என்று பிற்காலத்தில் பெயர் பெற்று வேறு பல மொழிகளுக்கும் பரவிய நெறிமுறை இதுவே.

அந்தக் கோப்புகளில் பெரும்பாலும் அச்சிடும் கட்டளைகளே நிறைந்திருந்ததற்குத் தக்க காரணம் உண்டு. மொழியையே சோதிக்க வந்த நிரல், இன்னும் சோதிக்கப்படாத வசதி எதையும் நம்பி நிற்க முடியாது. ஆனால் மொழி நிலைபெற்று, அதைக் கொண்டு எழுதப்பட்டவற்றைச் சோதிக்கும் காலம் வந்தபோது, நிரலாளர் பலரும் தத்தம் சோதனைக் கோப்பின் தலைப்பகுதியில் ‘ஓகே’ என்ற பெயரில் சிறிய செயற்கூறு ஒன்றைத் தாமே எழுதிக்கொண்டனர். செயற்கூறு என்பது பெயரிட்டு அழைக்கத்தக்க நிரல் துண்டு. திரும்பத் திரும்ப வரும் வேலையை ஒரே இடத்தில் அடக்கி மற்றச் சோதனைகளுக்கு உதவுமாயின் அது துணைச் செயற்கூறு எனப்படும். அந்த வகையில் பெர்ல் உலகின் முதல் சோதனைத் துணைச் செயற்கூறு ‘ஓகே’தான் எனலாம். அது கோப்புக்குக் கோப்பு வேறுபட்டது. ஒன்றில் வரிசை எண்ணை அழைப்பவர் தர வேண்டும், மற்றொன்றில் அது தானே கூட்டிக்கொள்ளும்.

பெர்ல் 5 வெளிவந்த காலத்தில் உருவான டெஸ்ட் ஹார்னெஸ் என்ற மாட்யூல், அதாவது பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தத்தக்க நிரல் தொகுப்பு, லாரி வாலின் பழைய ‘டெஸ்ட்’ நிரலின் வேலையை எல்லோருக்கும் பொதுவாக்கியது. அதை எழுதியவர் டிம் பன்ஸா, ஆந்திரேயாஸ் கோனிகா என்று உறுதியாகத் தெரியவில்லை என அதன் ஆவணமே குறித்து வைத்தது, அக்காலத்தில் படைப்பும் பகிர்வும் எவ்வளவு பின்னிக் கிடந்தன என்பதற்குச் சான்று. 1995இல் சீபேன் என்னும் பொதுக் களஞ்சியம் தொடங்கப்பட்ட பின், மாட்யூல் ஒன்றை நிறுவும் ஒவ்வொருவரும் அதன் சோதனைகளையும் தம் கணினியில் ஓட்டிப் பார்ப்பது வழக்கமாயிற்று. எழுதியவர் கண்டிராத கணினிகளில், இணைய இணைப்பு இல்லாத இடங்களிலும்கூட, சோதனைகள் ஓட வேண்டியிருந்தது. வலை தொடர்பான சோதனைகளின் பிற்கால வடிவத்தை இந்தத் தேவை பெரிதும் தீர்மானித்தது.

1990களின் பிற்பகுதியில் ஜோஷுவா பிரிட்டிகின் எழுதிய டெஸ்ட் என்ற மாட்யூல் ‘ஓகே’ செயற்கூறுக்குப் பொதுவடிவம் ஒன்றைத் தந்தது. 2001இல் மைக்கேல் ஷ்வெர்ன் வெளியிட்ட டெஸ்ட் மோர், கிடைத்த மதிப்பும் எதிர்பார்த்த மதிப்பும் ஒன்றா என்று பார்க்கும் ‘இஸ்’, சரம் ஒன்று குறிப்பிட்ட வடிவத்துக்குப் பொருந்துகிறதா என்று பார்க்கும் ‘லைக்’, சிக்கலான தரவு அமைப்புகளை அடிவரை ஒப்பிடும் ‘இஸ் டீப்லி’ ஆகியவற்றைச் சேர்த்தது. இவற்றின் உண்மையான மேன்மை தோல்வியின்போதே தெரியும்: எதிர்பார்த்தது எது, கிடைத்தது எது, எந்தக் கோப்பின் எந்த வரியில் நிகழ்ந்தது என்று அவை விளக்கின. வெறும் ‘நாட் ஓகே’ என்ற அறிவிப்பைப் பெற்றுப் பிழையைத் தேடி அலைந்த நிரலாளருக்கு இது பெரும் ஆறுதல்.

எனினும், தமக்கு வேண்டிய சோதனைச் செயற்கூறுகளைத் தனி மாட்யூல்களாகப் பிறர் எழுத முனைந்தபோது வரிசை எண் சிக்கலாக எழுந்தது. ஒரே களத்தில் நெல் அளக்கும் இருவர் தனித்தனியே ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினால் மொத்த அளவு யாருக்கும் தெரியாமற்போவது போல, இரண்டு சோதனை மாட்யூல்கள் தத்தம் எண்களை ஒரே வெளியீட்டில் அச்சிட்டால் டெஸ்ட் ஹார்னெஸ் குழம்பிவிடும். குரோமாட்டிக் என்ற ஒற்றைப் பெயரால் அறியப்படும் நிரலாளர் முதலில் எழுத, ஷ்வெர்ன் வளர்த்த டெஸ்ட் பில்டர் இதற்குத் தீர்வு கண்டது. ஒரு நிரல் ஓடும்போது டெஸ்ட் பில்டர் பொருள் ஒன்றே ஒன்றுதான் இருக்கும். எல்லாச் சோதனை மாட்யூல்களும் அந்த ஒன்றையே பெற்று, அதன் வழியாகவே முடிவை அறிவிக்கும். டெஸ்ட் மோரும் அதன் மேல் அமர்ந்த ஒரு பயனாளியாக மாறியது. 2002இல் வந்த பெர்ல் 5.8இன் அடிப்படைத் தொகுப்பில் இவை இடம்பெற்ற பிறகு, துணைச் செயற்கூறு எழுதுவது வல்லுநர் சிலரின் வேலையாக இராமல் எந்த நிரலாளருக்கும் எட்டும் வேலையாயிற்று. பெர்லின் சோதனை வரலாற்றில் இதைவிட முக்கியமான முடிவு வேறொன்று எடுக்கப்படவில்லை என்று துணிந்து கூறலாம்.

இதே காலத்தில் பெர்ல் வலையின் முதன்மை மொழிகளுள் ஒன்றாக விளங்கியது. லிங்கன் ஸ்டைன் எழுதிய சிஜிஐ மாட்யூல், உலாவியிலிருந்து வரும் படிவத் தரவுகளை நிரலுக்குப் பிரித்துக் கொடுத்தது. சர்வர் இல்லாமல் கட்டளை வரியிலேயே பெயரும் மதிப்பும் தந்து நிரலை ஓட்டிப் பார்க்கும் வசதியும் அதில் இருந்ததால், வலை நிரலைச் சோதிக்கும் முதல் எளிய வழி அங்கேயே பிறந்தது. மறுபுறம், பிற்காலத்தில் எச்டிடிபி 1.1 நெறிமுறையின் முதன்மை ஆசிரியர்களுள் ஒருவரான ராய் ஃபீல்டிங் பெர்ல் 4க்காகத் தொடங்கி, பெர்ல் 5க்காக மார்ட்டின் கோஸ்டரும் கிஸ்லே ஆஸும் திருத்தி எழுதிய எல்டபிள்யூபி என்ற நூலகம், பெர்ல் நிரலே உலாவியைப் போலக் கோரிக்கை அனுப்பி மறுமொழி பெற வகைசெய்தது. அந்நூலகத்தின் சோதனைகள் வெளியுலக இணையத்தை நம்பாமல், சிறிய சர்வர் ஒன்றைத் தாமே கிளப்பி அதனிடம் பேசின. பெர்லை அப்பாச்சி வலைச் சர்வருக்குள்ளேயே பதித்து ஓட்டும் மாட்பெர்ல் உலகில் எழுந்த அப்பாச்சி டெஸ்ட், சோதனைக்கென அமைவுக் கோப்பு எழுதி முழு அப்பாச்சி சர்வரையே தொடங்கி நிறுத்தியது. நம்பகமானது, ஆனால் கனமானது.

எல்டபிள்யூபியைக் கொண்டு நேரடியாகச் சோதனை எழுதியவர்கள் விரைவிலேயே சலித்துப் போயினர். ஒரு பக்கத்தைப் பெறுவது, மறுமொழிக் குறியீடு 200தானா என்று பார்ப்பது, உள்ளடக்கத்தில் ஒரு சொல்லைத் தேடுவது, படிவத்தின் மறைந்த புலங்களைப் பொறுக்கி எடுத்து அடுத்த கோரிக்கையில் சேர்ப்பது, பயனரை அடையாளங்காணச் சர்வர் தரும் குக்கீயைப் பத்திரப்படுத்தித் திருப்பி அனுப்புவது என ஒவ்வொரு சோதனையிலும் இவை திரும்பத் திரும்ப வந்தன. கிர்ரிலி ராபர்ட் எழுதிய டபிள்யூடபிள்யூடபிள்யூ ஆட்டோமேட்டை அடியொற்றி ஆண்டி லெஸ்டர் 2002இல் உருவாக்கிய டபிள்யூடபிள்யூடபிள்யூ மெக்கனைஸ், பக்கத்தின் இணைப்புகளையும் படிவங்களையும் தானே புரிந்துகொண்டு, மனிதர் உலாவுவது போலவே அடுத்தடுத்துச் செல்லக் கற்றது. மறைந்த புலங்களும் குக்கீகளும் நிரலாளரின் கவலையாக இல்லாமற் போயின. அதன் மேல் லெஸ்டரே அமைத்த சோதனை வடிவத்தில் ‘கெட் ஓகே’, ‘டைட்டில் இஸ்’, ‘கன்டென்ட் கன்டெய்ன்ஸ்’ போன்ற செயற்கூறுகள் வந்தன. பக்கத்தில் உள்ள இணைப்புகளை ஒவ்வொன்றாகத் தொடர்ந்து சென்று பார்க்கும் ‘பேஜ் லிங்க்ஸ் ஓகே’, ஒரே வரியில் டஜன் கணக்கான கோரிக்கைகளை அடக்கியபோதும், எண்ணிக்கையில் ஒரே சோதனையாகத் தன்னைக் காட்டிக்கொண்டது.

இக்கருவிகளின் மேல் ஒவ்வொரு குழுவும் தன் செயலிக்கே உரிய துணைச் செயற்கூறுகளை எழுதத் தொடங்கிய இடத்தில்தான் இந்த வரலாற்றின் நுட்பமான சிக்கல் தலைகாட்டுகிறது. பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் பெற்று, உள்நுழைவுப் பக்கத்துக்குச் சென்று, படிவத்தை நிரப்பி, வரவேற்புப் பக்கம் வந்ததா என்று பார்க்கும் செயற்கூறு ஒன்றை நாற்பது சோதனைக் கோப்புகள் அழைப்பதாகக் கொள்வோம். அவற்றுள் ஒன்றில் உள்நுழைவு தோற்றால், தோல்வி நிகழ்ந்த வரியாக டெஸ்ட் பில்டர் காட்டுவது துணைச் செயற்கூறுக்குள் இருக்கும் வரியை. அழைத்த கோப்பின் வரியை அல்ல. ஒரே கோப்பு அச்செயற்கூறைப் பத்து முறை அழைத்திருந்தால், பத்துத் தோல்விகளும் ஒரே வரி எண்ணையே சொல்லும். உழைப்பைக் குறைக்க வந்த செயற்கூறு, பிழை எங்கிருந்து வந்தது என்ற செய்தியை விழுங்கிவிடுகிறது.

டெஸ்ட் பில்டர் இதற்கு வைத்திருந்த விடை ‘லெவல்’ என்ற பொது மாறி. செயற்கூறுகள் ஒன்றையொன்று அழைத்துச் செல்லும் அடுக்கில் எத்தனை படி மேலே சென்று வரி எண்ணைப் பார்க்க வேண்டும் என்பதை அது குறிக்கிறது. துணைச் செயற்கூறு எழுதுபவர் அதன் தொடக்கத்திலேயே ‘லோக்கல்’ என்ற கட்டளையால் அந்த மாறியின் மதிப்பை ஒன்று கூட்டிவிட்டால், தோல்வி அறிக்கை ஒரு படி மேலேறி அழைத்தவரின் வரியைச் சுட்டும். பெர்லில் ‘லோக்கல்’ செய்யப்பட்ட மதிப்பு அச்செயற்கூறு உள்ளே அழைக்கும் எல்லாவற்றுக்கும் தெரியும், வெளியேறியதும் பழைய மதிப்பு தானே மீளும். இந்த வகைக் காலவழி எல்லை பொதுவாகக் குழப்பம் விளைப்பது என்று ஒதுக்கப்படுவது. இங்கோ தேவைக்கு அச்சாகப் பொருந்தியது. ஆயினும் அந்த ஒரு வரியை எழுத மறந்தோர் மிகப் பலர்; மறந்ததற்குத் தண்டனை சோதனை தோற்கும் நாள்வரை கிடைக்காது என்பதே மறதி நீடித்ததற்குக் காரணம். தோல்வியின்போது என்ன அச்சாகிறது என்பதையும் சரிபார்க்க விரும்பியவர்களுக்காக, சோதனைச் செயற்கூறுகளையே சோதிக்கும் டெஸ்ட் பில்டர் டெஸ்டர் என்ற மாட்யூலை மார்க் ஃபவுலர் எழுதினார்.

எண்ணிக்கையும் மீண்டும் ஒருமுறை தொல்லை தந்தது. துணைச் செயற்கூறுக்குள் ஒரு சோதனை கூடுதலாகச் சேர்ந்தால், அதை அழைக்கும் கோப்புகள் அனைத்திலும் முன்னறிவித்த எண்ணை மாற்ற வேண்டியிருந்தது. 2009இல் டெஸ்ட் மோரில் வந்த ‘டன் டெஸ்டிங்’, எண்ணிக்கையைக் கோப்பின் இறுதியில் சொன்னால் போதும் என்று ஆக்கியது. அதே ஆண்டில் வந்த ‘சப்டெஸ்ட்’, பல சோதனைகளை ஒரு தலைப்பின்கீழ் தொகுத்து வெளியில் ஒன்றாக எண்ணச் செய்தது.

சர்வரைக் கிளப்பும் சுமையை இறக்கும் முயற்சி, வலைச் செயலிகளுக்கு ஆயத்த அடிப்படை அமைப்பைத் தரும் சட்டகங்களின் காலத்தில் நடந்தது. 2005இல் வந்த கேட்டலிஸ்ட் சட்டகம், புதிய செயலியை உருவாக்கும்போதே ‘டி’ கோப்புறையையும் அதில் சில சோதனைகளையும் எழுதிக் கொடுத்தது. அதன் சோதனை மாட்யூல் கோரிக்கையைச் செயலியிடம் நேரடியாகக் கொடுக்கும், சூழல் மாறி ஒன்றில் முகவரி தரப்பட்டிருந்தால் அதே சோதனையை வெளியே ஓடும் சர்வரின் மீது நடத்தும். தட்சுஹிகோ மியாகவா 2009இல் வகுத்த பிஎஸ்ஜிஐ நெறிமுறை இதைச் சட்டகங்கள் அனைத்துக்கும் பொதுவாக்கியது. அதன்படி வலைச் செயலி என்பது சூழல் விவரங்களைப் பெற்று, நிலைக் குறியீடு, தலைப்புகள், உடல் என்ற மூன்றைத் திருப்பித் தரும் செயற்கூறு. செயலியே செயற்கூறு ஆகிவிட்ட பின், அதைச் சோதிக்க நெட்வொர்க் எதற்கு? மியாகவாவின் பிளாக் டெஸ்ட், கோரிக்கைப் பொருளைச் செயலியிடம் நேரே கொடுத்து மறுமொழியைப் பெற்றுத் தந்தது; வேண்டுவோர் ஒரு சூழல் மாறியை மாற்றி உண்மையான சர்வர் வழியாகவும் ஓட்டலாம். டான்சர் 2 சட்டகம் தனக்கென வைத்திருந்த சோதனைச் செயற்கூறுகளைக் கைவிட்டு, பிளாக் டெஸ்ட்டையே பயன்படுத்துமாறு தன் பயனாளர்களுக்குச் சொன்னது, பொது நெறிமுறை வந்தபின் தனித்தனிக் கருவிகள் எப்படித் தேவையற்றுப் போகின்றன என்பதற்கு நல்ல எடுத்துக்காட்டு. ஆனால் பிளாக் டெஸ்ட் வேண்டுமென்றே குறைவாகச் செய்தது. குக்கீயைச் சேமித்து அடுத்த கோரிக்கையில் சேர்க்கும் வேலை மீண்டும் நிரலாளரிடமே வந்தது. ஆகவே அதைச் செய்யும் சிறு துணைச் செயற்கூறைக் குழுக்கள் தாமே எழுதிக்கொண்டன, அல்லது பிஎஸ்ஜிஐ செயலிகளுக்கென அமைந்த மெக்கனைஸ் வடிவத்துக்குத் திரும்பின.

கேட்டலிஸ்ட்டைத் தொடங்கிய செபாஸ்டியன் ரீடல் பின்னர் உருவாக்கிய மோஜோலிஷியஸ் வேறு வழியில் சென்றது. அதன் டெஸ்ட் மோஜோ, செயலியைக் காலியாக உள்ள ஏதேனும் ஒரு போர்ட்டில் அதே நிரலுக்குள்ளேயே சர்வராக ஓடவிட்டு அதனிடம் பேசுகிறது. அதனால் வெப்சாக்கெட் என்னும் இருவழித் தொடர்பையும் அதே நடையில் சோதிக்க முடிகிறது. ஒவ்வொரு சோதனையும் தன் பொருளையே திருப்பித் தருவதால், பக்கத்தைப் பெறுதல், நிலையைப் பார்த்தல், சிஎஸ்எஸ் தேர்வியால் குறிப்பிட்ட பகுதியின் உரையை ஒப்பிடுதல் என்பன ஒரே சங்கிலியாக நீள்கின்றன. செயலிக்குரிய துணைச் செயற்கூறுகளை ‘ரோல்’ என்ற அமைப்பாக எழுதி அந்தச் சங்கிலியிலேயே கோக்கலாம். படிப்பதற்கு இதைவிட இனிய சோதனை நடை பெர்லில் இல்லை எனினும், நீண்ட சங்கிலியின் நடுவில் ஒன்று தோற்றால் வரி எண் மட்டும் போதாது. ஒவ்வொரு கண்ணிக்கும் விளக்கப் பெயர் எழுதுபவரே அதன் முழுப்பயனையும் பெறுகிறார்.

‘லெவல்’ மாறியால் படிகளை எண்ணும் பழைய முறையின் குறையைத் தீர்க்கச் சாட் கிரேனம் டெஸ்ட் பில்டரின் அடித்தளத்தையே மாற்றி எழுதினார். நீண்ட முன்னோட்டங்களுக்குப் பின் 2016இல் வெளிவந்து, 2017இன் பெர்ல் 5.26இல் சேர்ந்த டெஸ்ட் 2, ‘கான்டெக்ஸ்ட்’ என்ற பொருளை முன்வைத்தது. துணைச் செயற்கூறு தொடங்கியதும் அதைக் கேட்டுப் பெற்று, முடியும்போது விடுவிக்க வேண்டும். உள்ளே அழைக்கப்படும் வேறு சோதனைச் செயற்கூறுகள் கேட்டாலும், வெளியே முதலில் பெறப்பட்ட அதே கான்டெக்ஸ்ட்தான் கிடைக்கும். எனவே எத்தனை அடுக்குகள் இருந்தாலும் வெளிப்புற அழைப்பின் வரியே அறிக்கையில் வருகிறது. படியை எண்ண வேண்டியதில்லை. விடுவிக்க மறந்தால் எச்சரிக்கையும் உடனே எழுகிறது: தோல்வி நாள்வரை மறைந்திருந்த மறதி, சோதனை வெற்றியாக ஓடும்போதே பிடிபட்டுவிடுகிறது. அதே வேளையில் ‘லெவல்’ மாறியைக் கூட்டி எழுதப்பட்ட பழைய துணைச் செயற்கூறுகளும் புதிய அடித்தளத்தின் மேல் திருத்தமின்றி இயங்குமாறு பார்த்துக்கொள்ளப்பட்டதால், பல ஆண்டு இடைவெளியில் எழுதப்பட்ட இரு வகைச் செயற்கூறுகளையும் இன்று ஒரே சோதனைக் கோப்பு அழைக்கலாம். இரண்டும் தோற்கும்போது அழைத்தவரின் வரியையே சுட்டுகின்றன.