எம்.எஸ். உடுத்திய நீலம்

எம்.எஸ். சுப்புலட்சுமியின் கச்சேரிகளைக் கேட்டு வளர்ந்த பெரியவர்களிடம் பேச்சுக் கொடுத்தால், அன்று எந்த ராகத்தை விரிவாகப் பாடினார் என்று சொன்ன கையோடு என்ன புடவை உடுத்தி வந்தார் என்பதையும் சொல்வார்கள். மயிலாப்பூரிலும் தியாகராய நகரிலும் பல வீடுகளில் இந்த இரண்டு நினைவும் ஒட்டியே கிடக்கின்றன. இசை விமர்சகர்கள் முதலாவதை எழுதி வைத்தார்கள். இரண்டாவதைப் பெண்கள் பேச்சு என்று விட்டுவிட்டார்கள். அது பெரிய இழப்பு என்பது என் உறுதியான எண்ணம்.

உடையை எப்படிக் கவனித்துக் குறித்து வைக்கலாம் என்பதற்கு உதாரணம் பிரிட்டிஷ் அரசி இரண்டாம் எலிசபெத்; 1961இலும் 1997இலும் நம் சென்னைக்கு வந்து போனவர். 1953இல் முடிசூட்டு விழாவுக்கு அவர் அணிந்த கவுனில் காமன்வெல்த் நாடுகளின் மலர்ச் சின்னங்கள் பூவேலையாக இடம்பெற்றன, இந்தியாவுக்குத் தாமரை. கனடா தொடர்பான நிகழ்ச்சி என்றால் மேப்பிள் இலை ப்ரூச் குத்திக்கொள்வார். ஹைதராபாத் நிஜாம் அவருக்குத் திருமணப் பரிசாக அளித்த வைர நகைகளில் ரோஜா வடிவ ப்ரூச்சுகள் உண்டு. அந்த நகைகளில் ஒன்றான தலையணியைப் பின்னாளில் பிரித்தபோதும் அந்த ரோஜாக்களை அவர் விடவில்லை. எந்த நாளில் எந்த ப்ரூச் என்று குறித்து வைப்பதையே ஒரு துறையாக வளர்த்துக்கொண்டவர்கள் பிரிட்டனில் இருக்கிறார்கள். நேரு இசையின் அரசி என்று போற்றியதாகச் சொல்லப்படும் நம் எம்.எஸ்.ஸுக்கு, அந்தக் கவனத்தில் ஒரு பங்கையாவது நாம் தர வேண்டாமா?

நகையிலிருந்து தொடங்குகிறேன். எம்.எஸ். என்றதும் கண்முன் வருவது மூக்கின் இரு புறமும் ஒளிவிடும் வைரம். தமிழ்நாட்டில் வைரம் வாங்குவோர் ‘ப்ளூ ஜாகர்’ என்று கேட்டு வாங்குவார்கள்; லேசாக நீலம் ஓடும் கல் அது. ஏழுகல் தோடும் எட்டுக்கல் பேசரியும் சேர்ந்தால்தான் நகை நிறைவு பெறும் என்று கருதிய தலைமுறை ஒன்று இருந்தது. மேடையில் அமர்ந்து பாடுபவருக்கு அந்த நகைக்கு ஒரு தனிப் பயன் உண்டு. நர்த்தகிக்கு உடல் முழுவதும் மேடை. பாடகிக்கு முகம்தான் மேடை. ஆலாபனையில் தலை மெல்ல அசையும்போது மூக்குத்தி ஒளியை வாங்கித் திருப்பும். கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அந்த மினுக்கு போய்ச் சேரும். பிடரியில் மல்லிகைச் சரம், நெற்றியில் குங்குமம், காதில் வைரத்தோடு என்று எல்லாமே தோளுக்கு மேல் அமைந்த அலங்காரம்தான்.

புடவைக்கு வருவோம். ‘எம்.எஸ். நீலம்’ என்ற பெயர் இன்றும் தி. நகர்ப் பட்டுக்கடைகளில் செல்லுபடியாகும் பெயர். காஞ்சிபுரத்து முத்துச் செட்டியார் அவருக்கென்றே அந்த நிறத்தை நெய்து கொடுத்தார் என்பது சங்கீத வட்டத்தில் வழிவழியாகச் சொல்லப்படும் செய்தி. ஒரு பாடகியின் பெயர் ஒரு நிறத்துக்கு நிலைத்துவிட்டது என்பது சாதாரணமானதன்று. பாடகர்கள் பெயரால் பாணிகளை அறிவோம்; அரியக்குடி பாணி, ஜி.என்.பி. பாணி என்போம். நிறத்துக்குப் பெயரான கலைஞர் வேறு யாரும் என் நினைவுக்கு வரவில்லை.

அந்தப் புடவை எப்படி உருவாகிறது என்பதையும் பார்க்க வேண்டும். காஞ்சிப் பட்டின் சிறப்பு கோர்வை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். குழித்தறியில் மூன்று நாடாக்கள் ஓட, நெசவாளருக்குத் துணையாக இன்னொருவர் அமர்ந்து ஒரு பக்கத்துக் கரை நாடாவை வாங்கிக் கொடுப்பார். உடலும் கரையும் சந்திக்கும் இடத்தில் ஒவ்வோர் இழையும் மற்றொன்றோடு கோத்துக்கொள்ளும். அங்கே கூர்கூராக எழும்பும் வரிசைக்குத் தாழம்பூ ரேக்கு என்று பெயர். முந்தானையை உடலோடு இணைக்கும் இடத்தில் பாவு இழைகளை மாற்றி ஒட்டும் பேட்டு முறை வேறு. பட்டு நூல் கர்நாடகத்திலிருந்தும் சரிகை சூரத்திலிருந்தும் வர, நெய்யும் கை மட்டும் காஞ்சியுடையது. கச்சேரி மேடையில் சம்மணமிட்டு அமர்ந்தவரின் புடவையில் நமக்குத் தெரிவது தோளில் வழியும் கரையும் மடியில் விரியும் உடலும்தான். நீல உடலுக்கு மாறுநிறக் கரை என்ற கோர்வை அமைப்பு, அப்படிப் பாதி மட்டும் தெரியும் உடுத்தலுக்கே வாகாக அமைந்துவிட்டது.

இந்தத் தோற்றம் அவருடன் பிறந்ததன்று. 1916 செப்டம்பர் 16 அன்று மதுரையில் வீணைக் கலைஞர் சண்முகவடிவின் மகளாகப் பிறந்தவர். 1930களில் அவரும் நடனக் கலைஞர் பாலசரஸ்வதியும் மேல்நாட்டு இரவு உடை அணிந்து ஸ்டுடியோவில் விளையாட்டாக எடுத்துக்கொண்ட படம் ஒன்று பலரும் பார்த்தது. 1938இல் ‘சேவாசதனம்’, 1940இல் ‘சகுந்தலை’, 1941இல் ‘சாவித்திரி’யில் ஆண்வேடமிட்டு நாரதர், 1945இல் ‘மீரா’ என்று திரையில் அவர் பூண்ட கோலங்களும் பல. 1940இல் சதாசிவத்தை மணந்த பிறகு, ஆண்டுகள் செல்லச் செல்ல, கோலங்கள் குறைந்து ஒரே கோலம் நிலைத்தது.

இந்த மாற்றத்தைச் சாதியின் கண்ணோடு படிப்பவர்கள் இருக்கிறார்கள். இசை வேளாளர் மரபில் வந்த பெண், பிராமண இல்லத்தரசியின் தோற்றத்தை ஏற்றதால்தான் சபாக்களின் முழு மதிப்பைப் பெற்றார் என்பது அவர்கள் வாதம், பாடகர் டி.எம். கிருஷ்ணா இதை விரிவாக எழுதியிருக்கிறார். அந்த வாதத்தில் உண்மை இருக்கிறது; அதை மறுப்பது அக்கால மயிலாப்பூரை அறியாமல் பேசுவதாகும். ஆனால் அதோடு நிறுத்திக்கொண்டால், உடுத்தியவரின் ரசனைக்கு இடமே இல்லாமல் போகிறது. பட்டின் நிறமும் கரையின் அகலமும் பூச்சரத்தின் அளவும் அவ்வளவு நுட்பமாகப் பொருந்தி நின்றதற்கு, அவருடைய சொந்தக் கண்ணும் காரணம் என்றே நான் நம்புகிறேன். சுருதியில் அணுவளவு விலகலையும் பொறுக்காதவர் நிறத்தில் மட்டும் அசட்டையாக இருந்திருப்பாரா?

உடையால் தன்னை நிறுவிக்கொண்ட பெண் கலைஞர் அவர் ஒருவர் மட்டுமல்லர். 1933இல் கணவர் எஸ்.ஜி. கிட்டப்பா மறைந்த பிறகு கே.பி. சுந்தராம்பாள் வெள்ளைப் புடவைக்கு மாறி, நெற்றி நிறைய நீறோடு கடைசிவரை பாடினார். ருக்மிணி தேவி 1936இல் அடையாறில் கலாக்ஷேத்ராவைத் தொடங்கியவர். அங்கே தறிகளையும் நிறுவி, பழைய கரைகளுக்கும் நிறங்களுக்கும் மறுவாழ்வு கொடுத்தார். கலாக்ஷேத்ரா புடவை என்று சொன்னாலே ஒரு தனித் தரம் கண்ணில் நிற்கும். ஒருவர் வண்ணத்தைத் துறந்தார், ஒருவர் தறியையே தன் வளாகத்துக்குக் கொண்டுவந்தார், ஒருவர் நெசவாளர் கொடுத்த நீலத்தை உலகெங்கும் சுமந்து சென்றார். மூன்றும் மூன்று வகைத் துணிவு.

எம்.எஸ். 1963இல் எடின்பரோ விழாவிலும் 1966 அக்டோபர் 23 அன்று ஐக்கிய நாடுகள் சபையிலும் பாடினார். மொழி புரியாத அவைகளில், முதல் சுருதி எழும்புவதற்கு முன்பே அவர் எங்கிருந்து வருகிறார் என்பதைக் காஞ்சிப் பட்டும் குங்குமமும் சொல்லிவிட்டன. 1968இல் மியூசிக் அகாடமி அவருக்குச் சங்கீத கலாநிதி விருது வழங்கியபோது அந்த விருதைப் பெறும் முதல் பெண் அவர்தான். 1998இல் பாரத ரத்னா. கணவர் மறைந்த 1997க்குப் பிறகு பொதுமேடையில் பாடுவதை நிறுத்திக்கொண்டு கோட்டூர்புரத்தில் வாழ்ந்து 2004 டிசம்பர் 11 அன்று மறைந்தார்.

2024இல் அவருடைய பிறந்தநாளையொட்டி நடிகை வித்யா பாலன் எம்.எஸ்.ஸின் புடவைகளையும் பூவையும் பொட்டையும் அப்படியே அணிந்து படங்கள் எடுத்துக்கொண்டார். இருபது ஆண்டுகளுக்கு முன் மறைந்த பாடகியின் தோற்றம் ஒரே பார்வையில் அடையாளம் தெரிந்தது.

ஆனாலும் ஒரு குறை இருக்கிறது. எம்.எஸ். பாடிய பொற்காலத்துப் படங்களில் பெரும்பாலானவை கறுப்பு வெள்ளை. சபாக்களின் பழைய ஆண்டுமலர்களில் அந்த நீலம் சாம்பல் நிறமாகவே பதிந்திருக்கிறது. இன்று ஒரு கடையில் எம்.எஸ். நீலம் என்று எடுத்துப் போடுவதும் அடுத்த கடையில் காட்டுவதும் ஒரே நீலமாக இருப்பதில்லை. ஒன்று மயில் கழுத்தின் பக்கம் சாய்கிறது, ஒன்று கருநீலத்துக்கு. சரியான நீலத்தை அறிந்தவர்கள், மண்டபத்தில் உட்கார்ந்து நேரில் பார்த்தவர்கள்தான். அவர்களில் பலருக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல்.

இதைப் படிக்கும் ரசிகர்களுக்கு என் வேண்டுகோள் இது: உங்கள் வீட்டிலுள்ள பழைய கச்சேரிப் படங்களை எடுத்து வையுங்கள். பாட்டியையோ பெரியம்மாவையோ பக்கத்தில் உட்காரவைத்து, எம்.எஸ். அன்று உடுத்தியிருந்த புடவையின் உடல் நிறம் என்ன, கரை நிறம் என்ன, எந்த சபா, எந்த ஆண்டு என்று கேட்டுப் படத்தின் பின்புறத்தில் பென்சிலால் எழுதுங்கள். அதே காலத்து நீலப் பட்டு பீரோவில் இருந்தால், யார் நெய்தது, எங்கே வாங்கியது என்பதையும் ஒரு சீட்டில் எழுதி அந்தப் புடவை மடிப்பிலேயே வையுங்கள். நெசவாளர் பெயர் தெரிந்திருந்தால் அதை முதல் வரியில் எழுதுங்கள்.