மாவிளக்கும் மந்திர மெழுகுவத்தியும்

கிருஷ்ணகிரி மாவட்டத்தின் வடக்கு ஓரத்தில், ஆந்திர, கர்நாடக எல்லைகளை ஒட்டி அமைந்துள்ளது வேப்பனப்பள்ளி. மாந்தோப்புகளும் கேழ்வரகுக் கொல்லைகளும் நிறைந்த வட்டாரம். தமிழ், தெலுங்கு, கன்னடம் ஆகிய மூன்று மொழிகளையும் ஒரே சந்தையில் கேட்கலாம். இத்தகைய எல்லைப் பகுதிகளில் அம்மன் திருவிழா வந்துவிட்டால் பெண்கள் பச்சரிசியை ஊறவைத்து இடிப்பார்கள். வெல்லம் சேர்த்துப் பிசைவார்கள். உருண்டையின் நடுவே குழித்து, நெய் வார்த்து, திரியிட்டு ஏற்றுவார்கள். தமிழர் இதனை மாவிளக்கு என்பர். கன்னடத்தார் தம்பிட்டு ஆரத்தி என்பர். தெலுங்கர் பிண்டி தீபம் என்பர். பெயர்தான் மூன்று; விளக்கு ஒன்றே. நோய் தீரவும், பிள்ளைகள் நலம் பெறவும் வேண்டிக்கொண்டு ஏற்றுவதும் ஒன்றே. சுடர் அணைந்த பிறகு மாவைப் பிட்டு எல்லோருக்கும் கொடுத்துவிடுவார்கள்.

வேண்டுதலோடு சுடர் ஏற்றும் வழக்கம் உலகெங்கும் உண்டு. அவற்றுள் ஒன்று அண்மைக் காலத்தில் நம் நாட்டு நகரங்களையும் எட்டியிருக்கிறது. மேலைநாடுகளில் ‘விக்கா’ என்னும் சமயத்தார் செய்யும் மெழுகுவத்திச் சடங்குதான் அது. காதலுக்குச் சிவப்பு, பணத்திற்குப் பச்சை, தீவினையை ஓட்டக் கறுப்பு என்று நிறம் பிரித்து, மெழுகின்மேல் பெயரைக் கீறி, எண்ணெய் தடவி, நினைத்ததை மனத்தில் நிறுத்தி ஏற்ற வேண்டும் என்பார்கள். இவ்வகை வண்ண மெழுகுவத்திகள் இன்று இணைய அங்காடிகள் வழியே விற்கப்படுகின்றன. ‘பல்லாயிரம் ஆண்டுப் பழமையான முறை’ என்பது விற்பவர்கள் வழக்கமாகச் சொல்லும் வாசகம்.

இது உண்மையா? ஒரு சடங்கின் வயதை அறிய அதன் மந்திரத்தை மட்டும் ஆராய்ந்தால் போதாது. அதற்குப் பயன்படும் பொருள் எப்போது, எங்கே, என்ன விலையில் கிடைத்தது என்றும் பார்க்க வேண்டும். அப்படிப் பார்த்தால் மெழுகுவத்தி சொல்லும் கதை வேறு.

மெழுகு இருந்தும் வத்தி இல்லை

பண்டைத் தமிழகத்தில் மெழுகு இல்லாமல் இல்லை. மலைவாழ் மக்கள் தேனெடுக்கும்போது தேன்மெழுகும் கிடைத்தது. சோழர் காலத்துச் சிற்பிகள் தெய்வத் திருமேனிகளை முதலில் மெழுகில் உருவாக்கி, அதன்மேல் களிமண் பூசி, சூடேற்றி மெழுகை உருக்கி வெளியேற்றிவிட்டு, அந்த இடத்தில் உலோகத்தை வார்த்தார்கள். ஆனால் அந்த மெழுகைத் திரியைச் சுற்றி வார்த்து விளக்காக ஏற்றும் வழக்கம் இங்கே வேரூன்றவில்லை. அதற்குத் தேவையும் இருக்கவில்லை. நெய், நல்லெண்ணெய், இலுப்பை எண்ணெய், ஆமணக்கெண்ணெய், புங்க எண்ணெய் என்று எரிப்பதற்கு எத்தனையோ இருந்தன. நம் வெயிலில் எண்ணெய் உறைவதுமில்லை. அகல் ஒன்றும் பஞ்சுத் திரி ஒன்றும் போதும்.

ஐரோப்பாவின் நிலை வேறு. அங்கே வடபகுதிக் குளிரில் எண்ணெய் வித்துகள் அரிது. ஆடு மாடுகளின் கொழுப்பே எளிதில் கிடைத்தது. ஏழைகள் அந்தக் கொழுப்பை உருக்கித் திரியில் தோய்த்து எரித்தார்கள். அது புகையும், நாறும். தேன்மெழுகில் செய்த வத்தி நன்றாக எரியும். ஆனால் விலை மிகுதி. ஆகவே அது தேவாலயங்களுக்கும் செல்வர் மாளிகைகளுக்கும் உரியதாயிற்று. பிப்ரவரி 2ஆம் நாள் தேவாலயங்களில் மெழுகுவத்திகளை மந்திரிக்கும் விழா இடைக்காலத்திலிருந்தே நடந்து வருகிறது. அப்படி மந்திரித்த வத்தியை வீட்டில் வைத்திருந்து, இடி மின்னலின்போது ஏற்றினால் காப்பு என்று மக்கள் நம்பினார்கள். சாலமன் அரசன் பெயரால் வழங்கிய மந்திர நூலும் புதுத் தேன்மெழுகில் வத்தி செய்யச் சொல்கிறது.

எனவே மெழுகுவத்திக்கும் மந்திரத்திற்கும் உள்ள உறவு பழையதுதான். ஆனால் நினைத்தவர் நினைத்த நிறத்தில் வாங்கித் தம் வீட்டில் ஏற்றும் முறை பழையதாக இருக்க முடியாது. ஏனெனில் அந்த மெழுகுவத்தியே அன்று இல்லை.

ஆய்வுக்கூடம் தந்த வத்தி

மலிவான நல்ல மெழுகுவத்தியை உலகுக்குத் தந்தது வேதியியல். பிரெஞ்சு நாட்டு வேதியியலறிஞர் செவ்ரல் (1786–1889) கொழுப்புகளைப் பகுத்து ஆராய்ந்து 1823இல் தம் முடிவுகளை நூலாக வெளியிட்டார். கொழுப்பு என்பது தனிப்பொருள் அன்று. கொழுப்பு அமிலங்களும் கிளிசரினும் சேர்ந்தது என்று காட்டினார். கிளிசரினை நீக்கிவிட்டு ஸ்டீயரிக் அமிலத்தை மட்டும் பிரித்தெடுத்தால் கெட்டியான, வெண்மையான, நாற்றமற்ற வத்தி கிடைக்கும். 102 ஆண்டுகள் வாழ்ந்த செவ்ரல், தம் ஆய்வு பிறப்பித்த அந்த ஒளி வீடுதோறும் பரவியதைக் கண்ணாரக் கண்டார்.

அதே காலத்தில் பின்னல் திரி வந்தது. முறுக்குத் திரி நேராக நின்று கருகும். அடிக்கடி நுனியைக் கத்தரிக்க வேண்டும். பின்னல் திரியோ எரிய எரிய வளைந்து சுடரின் விளிம்புக்குச் சென்று தானே சாம்பலாகிவிடும். 1834இல் ஜோசப் மார்கன் என்பவர் வத்திகளைத் தொடர்ச்சியாக வார்க்கும் எந்திரத்தை அமைத்தார். 1850இல் ஜேம்ஸ் யங் நிலக்கரியிலிருந்து பாரஃபின் எடுக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். பின்னர் பெட்ரோலியத்திலிருந்தும் பாரஃபின் மெழுகு ஏராளமாகக் கிடைத்தது. 1856இல் பெர்க்கின் என்னும் 18 வயது இளைஞர் முதல் செயற்கைச் சாயமான ஊதா நிறத்தைக் கண்டுபிடித்தார். அவரைத் தொடர்ந்து செயற்கைச் சாயங்கள் வரிசையாக வந்தன. வெண்மையான மெழுகும் மலிவான சாயமும் சேர்ந்த பிறகே வானவில்லின் எல்லா நிறங்களிலும் மெழுகுவத்தி கடைக்கு வந்தது.

இனி மந்திரத்தின் பக்கம் திரும்புவோம்.

இலங்கையில் வேலை பார்த்த விக்கா ஆசிரியர்

விக்கா சமயத்தை வெளியுலகுக்கு அறிவித்தவர் ஜெரால்டு கார்ட்னர் (1884–1964) என்னும் ஆங்கிலேயர். இவர் இளமையில் இலங்கைத் தேயிலைத் தோட்டங்களில் வேலை பார்த்தார். நம் தமிழ்த் தொழிலாளர்களின் வியர்வையில் வளர்ந்த மலையகத் தோட்டங்கள்தாம் அவை. பின்னர் வட போர்னியோவிலும் மலாயாவிலும் பணிபுரிந்தார். அங்குள்ள மக்களின் சடங்குகளையும் ஆயுதங்களையும் ஆர்வத்துடன் கவனித்து, மலாய்க் குத்துவாளைப் பற்றி ஒரு நூலும் எழுதினார். 1936இல் ஓய்வு பெற்றுத் தாய்நாடு திரும்பினார்.

1954இல் அவர் எழுதிய ‘இன்றைய சூனியக்கலை’ என்னும் நூல் வெளிவந்தது. கிறித்துவத்திற்கு முற்பட்ட ஒரு பழஞ்சமயம் இங்கிலாந்தில் மறைவாக வாழ்ந்து வருகிறது என்றும், தாம் அதில் சேர்ந்துள்ளதாகவும் அதில் கூறினார். இந்தக் கருத்துக்கு அடிகோலியவர் மார்கரெட் மரே என்னும் எகிப்தியல் அறிஞர். 1863இல் நம் கல்கத்தாவில் பிறந்தவர். ஐரோப்பாவில் சூனியக்காரிகள் என்று தண்டிக்கப்பட்டவர்கள் உண்மையில் ஒரு பழஞ்சமயத்தார் என்று 1921இல் எழுதினார். வரலாற்று ஆய்வாளர்கள் பின்னர் ஆவணங்களைச் சரிபார்த்து இக்கொள்கையை ஒதுக்கிவிட்டனர். விக்கா இருபதாம் நூற்றாண்டில் உருவான சமயம் என்பதை ரொனால்டு ஹட்டன் 1999இல் வெளியிட்ட விரிவான ஆய்வு நிறுவியது. விக்கா சமயத்தார் பலரும் இன்று இதனை ஏற்றுக்கொள்கின்றனர்.

நிற அட்டவணையின் வரலாறும் இத்தகையதே. வண்ண மெழுகுவத்தி ஏற்றும் முறைகளைத் தொகுத்த கையேடு ஒன்று 1942இல் அமெரிக்காவில் வெளியாயிற்று. கார்ட்னரின் மாணவர் வழியில் வந்து, அமெரிக்காவில் விக்காவைப் பரப்பிய ரேமண்ட் பக்லண்டு 1970இல் இதே பொருள்பற்றி எழுதிய நூல் பெரிதும் பரவியது. ‘பல்லாயிரம் ஆண்டு’ என்று விற்கப்படும் அட்டவணை, நம் தாத்தா பாட்டியின் காலத்தது!

நம் கற்பூரமும் மாறியதுதான்

இதைக் கொண்டு மேலைநாட்டாரை எள்ள வேண்டியதில்லை. நாம் ஆலயத்தில் ஏற்றும் கற்பூரத்தையே எடுத்துக்கொள்வோம். முற்காலத்தில் அது மரத்திலிருந்து கிடைத்த அரும்பொருள். சுமத்ராத் தீவின் பரூஸ் துறைமுகம் கற்பூரத்திற்குப் பெயர்பெற்றது. அதன் அருகே லோபு துவா என்னும் இடத்தில் கிடைத்த தமிழ்க் கல்வெட்டு 1088ஆம் ஆண்டைச் சேர்ந்தது. ஐந்நூற்றுவர் என்னும் வணிகக் குழுவினர் பொறித்தது. கற்பூரம் தேடிக் கடல் கடந்தவர்களின் சுவடு அது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வேதியியலார் ஊசியிலை மரங்களின் டர்பன்டைன் எண்ணெயிலிருந்து செயற்கைக் கற்பூரம் செய்தனர். இன்று நாம் ஏற்றும் வில்லைகளில் பெரும்பாலானவை அவ்வகையைச் சேர்ந்தவை.

பொருள் மாறியதால் பக்தி குறைந்ததா? இல்லை. வேண்டுதலின் மதிப்பு வேண்டுபவரின் மனத்தில் இருக்கிறது. பொருளின் பழமையைக் காட்டி அதற்கு விலை ஏற்றுபவரிடம்தான் நாம் விழிப்பாக இருக்க வேண்டும்.

சுடர் குறி சொல்லுமா?

சுடர் உயர்ந்தால் வெற்றி, நடுங்கினால் பகை, கரி கக்கினால் தீவினை என்று குறி சொல்வோர் உண்டு. சுடரின் நடத்தையை மைக்கேல் ஃபாரடே இலண்டனில் இளைஞர்களுக்காக ஆற்றிய கிறிஸ்துமஸ் சொற்பொழிவுகளில் தெளிவாக விளக்கினார். அவை 1861இல் நூலாக வந்தன. உருகிய மெழுகு திரியின் நுண்ணிய இடைவெளிகள் வழியே மேலேறுகிறது, ஆவியாகிறது, எரிவது அந்த ஆவியே. அதில் தோன்றும் கரித்துகள்கள் வெப்பத்தால் ஒளிர்வதே சுடரின் மஞ்சள் ஒளி. திரி மிக நீண்டால் ஆவி மிகுந்து கரி கக்கும். காற்றசைந்தால் சுடர் நடுங்கும். எண்ணெயிலோ திரியிலோ ஈரம் இருந்தால் பொரியும்.

இரண்டு சோதனைகளைப் பெரியவர் ஒருவர் உடனிருக்க நீங்களே செய்து பாருங்கள். சிவப்பு, பச்சை, வெள்ளை மெழுகுவத்திகளை இருட்டறையில் ஏற்றுங்கள். மூன்றின் சுடரும் ஒரே மஞ்சள்தான்! சாயம் மெழுகுக்கு நிறம் தருகிறதே தவிரச் சுடருக்கு அன்று. சுடரின் நிறத்தை மாற்ற வேண்டுமானால் பேரியம், ஸ்ட்ரான்சியம் போன்ற உலோகங்களின் உப்புகள் வேண்டும். வாணவேடிக்கையில் பச்சையும் சிவப்பும் பிறப்பது அவற்றால்தான். அடுத்து, வத்தியை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகைக்கு எரியும் தீக்குச்சியைக் காட்டுங்கள். தீ புகைவழியே பாய்ந்து திரியை மீண்டும் பற்றிக்கொள்ளும். இதைக் கண்டு ‘அணைந்த வத்தி தானே எரிந்தது’ என்று ஒருவர் காசு கேட்கலாம். எரிந்தது மெழுகின் ஆவி என்று நாம் சொல்லலாம்.

சட்டம் கேட்ட கேள்வி

மந்திரத்தைச் சட்டம் நோக்கிய முறையும் காலந்தோறும் மாறியது. ஐரோப்பாவில் 15ஆம் நூற்றாண்டு முதல் 18ஆம் நூற்றாண்டு வரை சூனியக் குற்றம் சாட்டிப் பல்லாயிரவரைக் கொன்றார்கள். அவர்களுள் பெரும்பாலோர் பெண்கள். ‘இவளுக்குத் தீய ஆற்றல் உண்டா?’ என்பதே அன்றைய நீதிமன்றங்களின் கேள்வி. 1735இல் பிரிட்டன் இயற்றிய சட்டம் இக்கேள்வியைக் கைவிட்டது. ஆற்றல் இருப்பதாகப் பாசாங்கு செய்வோரையே அது தண்டித்தது. 1951இல் அச்சட்டமும் நீங்கி, ஏமாற்றிப் பணம் பறிப்பவரைத் தண்டிக்கும் சட்டம் வந்தது. அந்த மாற்றத்திற்குப் பின்னரே கார்ட்னர் தம் 1954ஆம் ஆண்டு நூலை வெளிப்படையாக எழுத முடிந்தது.

அதே 1954இல் நம் நாட்டிலும் ஒரு சட்டம் பிறந்தது. மருந்துகள், மந்திர சிகிச்சைகள் (ஆட்சேபத்திற்குரிய விளம்பரங்கள்) சட்டம் என்பது அதன் பெயர். தாயத்து, மந்திரம், கவசம் முதலியவை நோய் தீர்க்கும் என்று விளம்பரம் செய்வது அதன்படி குற்றம். வேப்பனப்பள்ளிக்கு அண்டையிலுள்ள கர்நாடகம், கொடிய மூடப்பழக்கங்களையும் பில்லிசூனியத்தையும் தடுக்க 2017இல் தனிச்சட்டம் இயற்றி, 2020இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. வீட்டிலும் கோயிலிலும் செய்யும் வழக்கமான வழிபாடு அதில் குற்றமாகாது. அச்சுறுத்தலும் உடலுக்கு ஊறு செய்வதும் ஏமாற்றுவதுமே குற்றம்.

இந்த வேறுபாட்டை நாமும் மனத்தில் கொள்வது நல்லது. காய்ச்சல் கண்ட குழந்தையின் நலம் வேண்டி ஒரு தாய் மாவிளக்கோ மெழுகுவத்தியோ ஏற்றினால் அதில் கேடொன்றுமில்லை. ஆனால், ‘யாரோ செய்வினை வைத்துவிட்டார்கள், ஏழு நாள் கறுப்பு வத்தி ஏற்ற வேண்டும், அதுவரை மருத்துவமனைக்குப் போகாதீர்கள்’ என்று ஒருவர் சொன்னால், அந்த ஏழு நாட்கள் குழந்தையின் உயிருக்கே உலையாகலாம். ‘யாரோ’ என்று சுட்டப்படும் அண்டை வீட்டாரின் வாழ்வும் அதோடு குலையும். அப்போது கேட்க வேண்டியவை சில எளிய கேள்விகளே: இந்தப் பொருள் எதனால் ஆனது? இதன் அடக்க விலை என்ன? எதைக் குணமாக்கும் என்று வாக்களிக்கிறீர்கள்? அதை எழுதிக் கையெழுத்திட்டுக் கொடுப்பீர்களா?